தவிட்டுக்கு வாங்கிய வெயில்

கத்திரி வெயிலை வேனில் ஏற்றிக்கொண்டு மலைக்குப் போன குடும்பத்தைப் பற்றி நீங்கள் எங்கேயாவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா? நாங்கள்தான் அது. வேண்டுமென்று ஏற்றவில்லை. அடுப்பை ஏற்றினோம், அரிசியை ஏற்றினோம், என் வீட்டுக்காரர் கொம்பையாவின் ஸ்பேனர் பெட்டியையும் பாப்பாவுக்குத் தொட்டில் கட்டுகிற சேலையையும் ஏற்றினோம். வெயில் அதுவாக ஏறிப் படுத்துக்கொண்டது, டிக்கெட் எடுக்காமல் பஸ்ஸில் ஏறிய ஆடு மாதிரி. முட்டிமேட்டில் போய் இறங்குகிற வரைக்கும் எங்களுக்கே தெரியாது.

எங்கள் வீடு ஒரு பழைய டெம்போ வேன். சீட்டுகளைக் கழற்றிவிட்டு ஒரு பலகைக் கட்டில், ஒரு கேஸ் அடுப்பு, தலைக்கு மேல் ஒரு தண்ணீர் டேங்க், சன்னலுக்கு என் பழைய பட்டுச் சேலையைக் கிழித்துத் தைத்த திரை என்று எல்லாம் அவரே அடித்துக் கட்டியது. டவுனில் பார்க்கிறவர்கள் கேம்பர் வேன் என்று கையைக் காட்டுவார்கள்; எங்களுக்கு அது வீடு, அவ்வளவுதான். அவருக்கு மோட்டார் பம்பு ரிப்பேர். எந்த ஊரில் பம்பு படுத்ததோ அந்த ஊரில் எங்கள் வீடு நிற்கும். போன கத்திரி முழுக்க விளாத்திகுளத்துப் பக்கம் ஒரு கரிசல் காட்டில் நின்றது. பாப்பா வயிற்றில் இருந்தாள், எனக்கு மூச்சு முட்டும், நான் இரண்டு கதவையும் விரியத் திறந்துபோட்டு முறத்தால் விசிறிக்கொண்டு கிடந்தேன். அப்போது அது உள்ளே வந்திருக்க வேண்டும். கதவு வழியே விழுந்ததைப் பார்த்தேன், வெளியே போனதை நான் பார்க்கவில்லை.

முட்டிமேடு நீலகிரியில், பஸ் போய்த் திரும்புகிற கடைசி இடத்துக்கும் மேலே இருக்கிறது. கீழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்து அங்கேயே தங்கிப்போன சனங்கள், ஒரே வரிசையில் தகரக் கூரை வீடுகள், வீட்டுக்குப் பின்னால் படிப்படியாக இறங்குகிற உருளைக்கிழங்குக் காடு. மார்கழி பிறந்தால் விடியலில் உறைபனி விழும். இலையெல்லாம் உப்புப் பூத்ததுபோல் வெளுத்து, அதன் மேல் சூரியன் பட்டதும் வெந்து கறுத்துவிடும். அதற்குள் ஸ்பிரிங்ளரைத் திருப்பித் தண்ணீரைத் தெளித்துப் பனியைக் கழுவிவிட்டால் செடி பிழைத்துக்கொள்ளும். அந்த வருஷம் பம்புக்குள்ளேயே தண்ணீர் உறைந்து, இரும்பு விரிந்து, பம்புகள் ஒவ்வொன்றாக வெடித்தன. அதற்குத்தான் எங்களைக் கூப்பிட்டார்கள். கைக்குழந்தையோடு அந்தக் குளிருக்கா என்று என் அம்மா போனில் கத்தினாள். வீட்டை விட்டுவிட்டா போகிறோம், வீட்டோடுதானே போகிறோம் என்று சொல்லிக் கிளம்பிவிட்டேன்.

முதல் விடியலில் அவர் கதவைத் திறக்கப் போய், கைப்பிடி உள்ளங்கையோடு ஒட்டிக்கொண்டது. குடத்துத் தண்ணீர் கல்லாகிக் கிடந்தது. சன்னல் கண்ணாடியில் வெள்ளைக் கோலம். ஆனால் உள்ளே எனக்கு வியர்த்திருந்தது. எழுந்து பார்த்தால் கட்டிலுக்கும் அடுப்புக்கும் நடுவில், தரையில், ஒரு பாய் அகலத்துக்கு வெயில். திரை மூடியிருக்கிறது, வெளியே மூட்டம், சூரியன் வந்தபாடில்லை. அது பாட்டுக்கு மஞ்சளாகக் கிடந்தது, ஓரத்தில் ஒரு பனையோலை நிழல் ஆடிக்கொண்டிருக்க, சுட்ட கரிசல் மண்ணின் வாசனையோடு.

கொம்பையா குனிந்து தொட்டுப் பார்த்தார். "ஏட்டி, இது நம்ம ஊரு வெயிலுல்லா?"

"பெறகு எந்த ஊரு வெயிலு நம்ம வண்டிக்குள்ள வந்து கெடக்கும்? காலை எடுங்க," என்று சொல்லிவிட்டுப் பாப்பாவின் ஈரத் துணிகளை அதன் மேல் விரித்தேன். பிள்ளைக்காரிக்கு வேறு என்ன தோன்றும்?

அன்றைக்கே ரங்கமணி அக்கா வந்தாள், இடுப்பில் மாவுச் சட்டியோடு. வரிசையில் முதல் வீடு அவளுடையது. ஒரு மாடும், பள்ளத்தில் ஒரு துண்டுக் கிழங்குக் காடும் அவளுக்கு உண்டு, வேறு யாரும் கிடையாது. எங்களிடம் கொஞ்சம் சூடு தண்ணீர் கேட்க வந்தவள், எட்டிப் பார்த்து, செருப்பைக் கழற்றிப்போட்டு, கேட்காமலே உள்ளே ஏறினாள்.

"இதைய வெச்சுக்கிட்டு ஒரு வார்த்தை சொல்லாம இருக்கறயே அம்மிணி, நல்ல பொம்பள போ! ஊர்ல ஒருத்தி வீட்டுலயும் மாவு பொங்கல. மார்கழி பொறந்ததுல இருந்து இட்லிய வாயில வெக்க முடியல, கல்லுத் தோத்துது."

சட்டியை வெயிலில் வைத்தாள். வைத்த சற்று நேரத்தில் மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தது. அதற்கப்புறம் ஊர் சும்மா இருக்குமா?

மாவுச் சட்டிகள் வந்தன. முட்டிவலிக்காரர்கள் வேட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து காலை நீட்டினார்கள். விதைக்கிழங்கு முளைக்க வந்தது, அடைகாக்காத கோழியின் முட்டைகள் பொரிக்க வந்தன, தலைக்குக் குளித்த பெண்கள் கூந்தலை விரித்துக்கொண்டு வந்தார்கள், பிறந்து நிற்க மாட்டாமல் இருந்த ஒரு கன்றுக்குட்டியைக்கூட நான்கு பேர் தூக்கிக்கொண்டு வந்து என் அடுப்பங்கரையில் நிறுத்தினார்கள். வேனுக்குள் வெயில் எப்படி வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. சண்டையெல்லாம் முட்டிக்கு முதலா மாவுக்கு முதலா என்பதில்தான் வந்தது. ஊருக்குப் பெரியவரான மேஸ்திரி திம்மராயன் முறை வைத்தார்: காலையில் மாவு, உச்சியில் முட்டி, சாயங்காலம் கூந்தல். செருப்போடு மிதிக்கக் கூடாது, குறுக்கே தாண்டக் கூடாது என்று ஒரு மரியாதையும் தானாக ஏற்பட்டது. போகும்போது ஆளுக்கொரு ஏனத்தில் வெயிலைக் கோரிக்கொண்டு போனார்கள், வீட்டில் படுக்கையில் ஊற்றிக்கொள்ள. "உங்க வெயிலு இன்னைக்குக் கொஞ்சம் வாட்டமா இருக்குதுங்களே, ஒடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று நலம் விசாரிக்கவும் செய்தார்கள்.

வாட்டமாகத்தான் இருந்தது. பாய் அகலம் போய்த் துண்டு அகலமாயிற்று. பனையோலை நிழல் ஆடுவதை நிறுத்திவிட்டது. அந்த நேரம் பார்த்துப் பாப்பாவுக்கு நெஞ்சில் சளி கட்டியது.

எனக்குச் சிரித்த முகம், நீங்களே பார்க்கிறீர்கள். எதற்கும் எளிதில் கலங்க மாட்டேன். ஆனால் ஐந்து மாதப் பிள்ளை மூச்சை இழுக்கும்போது விலா எலும்புகளுக்கு நடுவில் தோல் உள்வாங்குவதைப் பார்த்தால் எந்தச் சிரிப்பும் நிற்காது. ஆஸ்பத்திரிக்கு இறங்கிவிடலாம் என்று வண்டியை எடுத்தோம். முதல் வளைவிலேயே ரோடு கண்ணாடியாக இருந்தது. பால் லாரி ஒன்று ஏற்கெனவே பள்ளத்தில் சாய்ந்து கிடந்தது. வேன் ஒரு பக்கமாக வழுக்கிக்கொண்டு போய் மண்மேட்டில் முட்டி நின்றபோது கொம்பையாவின் உதடு வெளுத்திருந்தது. கயிறு கட்டி ஊரே பின்னால் இழுத்துக் கொண்டுவந்து பழைய இடத்தில் நிறுத்தியது. நர்ஸம்மா ஒருத்தி கம்பை ஊன்றிக் குறுக்குப் பாதையில் ஏறி வந்தாள். மருந்து கொடுத்தாள். "ரோடு இளகினதும் கீழ கொண்டு வந்துடுங்க. அதுவரைக்கும் சூடு கொறையவே கூடாது. மூடின வண்டிக்குள்ள கரி அடுப்பு மட்டும் வெச்சிடாதீங்க, தூக்கத்துலயே மூணு பேரும் போயிடுவீங்க," என்றாள். பிறகு தரையைப் பார்த்து, "இத வெச்சே பொழைக்க வையுங்க," என்று சொல்லிவிட்டு அடுத்த ஊருக்குப் போனாள்.

அப்புறம் நான் பாப்பாவை அந்த வெயிலிலிருந்து எடுக்கவே இல்லை. மாவுச் சட்டிகளை வெளியே வைத்தேன். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. ஆனால் துண்டு அகலம் கைக்குட்டை அகலமாகிக்கொண்டு வந்தது. பிள்ளையின் கால் வெளியே நின்றது. காலை உள்ளே இழுத்தால் தலை வெளியே போனது.

ரங்கமணி அக்கா வந்து பார்த்துவிட்டுத் தாடையில் கை வைத்து உட்கார்ந்தாள்.

"கண்ணு, உங்க ஊர்ப்பக்கம் புள்ள தங்காத வீட்டுல என்ன பண்ணுவீங்க?"

"தவிட்டுக்குக் குடுப்போம்," என்றேன்.

உங்களுக்குத் தெரிந்திருக்கும். பிறந்த பிள்ளை நிற்கவில்லையென்றால், அடுத்த பிள்ளையை ஒரு நாழித் தவிட்டுக்கு இன்னொருத்தியிடம் கொடுத்துவிடுவது. அதற்கப்புறம் வாங்கினவள்தான் தாய். பெற்றவள் பக்கத்திலேயே இருந்து வளர்க்கலாம், குளிப்பாட்டலாம், ஆனால் என் பிள்ளை என்று வாயால் சொல்லக் கூடாது. காது குத்துவதென்றாலும் கல்யாணமென்றாலும் தவிடு கொடுத்தவளைக் கேட்டுத்தான். எமன் வந்து வீட்டு வாசலில் நின்று, இந்த வீட்டில் பிள்ளை இல்லையே என்று திரும்பிப் போவான்.

"இந்த வெயிலும் உன்ற வயித்துல புள்ளை இருக்கறப்ப வந்தது. நீ அதை என்ற வெயிலு என்ற வெயிலுன்னு பொத்திப் பொத்தி வெக்கறே. கண்ணு பட்டுப்போச்சு. எனக்குக் குடு," என்றாள் அக்கா. "எனக்கு மூணு பொறந்தது. ஒண்ணும் நிக்கல. அப்ப எனக்கு இந்த வழிய யாரும் சொல்லித் தரல."

அவள் மாட்டுத் தவிடு ஒரு நாழி கொண்டுவந்தாள். நான் வெயிலை ஓரத்தில் பிடித்துத் தூக்கி அவள் மடியில் போட்டு, தவிட்டுக்குக் கொடுத்தேன் என்று மூன்று தடவை சொன்னேன். தவிட்டுக்கு வாங்கினேன் என்று அவள் மூன்று தடவை சொன்னாள். பிறகு பழைய இடத்திலேயே விரித்துவிட்டுப் போனாள். அன்று பொழுது இறங்குவதற்குள் அது பாய் அகலத்துக்கு வந்துவிட்டது. மறுநாள் கட்டிலுக்கு அடியில் போனது. அதற்கு மறுநாள் மடித்துத்தான் வைக்க வேண்டியிருந்தது, எட்டு முழ வேட்டியைப்போல. பாப்பாவின் விலா உள்வாங்குவது கொஞ்சம் குறைந்தது. நான் அக்காவைக் கும்பிட்டேன். அப்போது எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

தோன்றியிருக்க வேண்டும். வளர்ந்த பொருளை ஊர் சும்மா பார்த்துக்கொண்டிருக்குமா?

போகி கழிந்த ஒரு பகலில் காற்று அடியோடு நின்றது. வானத்தில் ஒரு பிசிறு மேகம் இல்லை, துலக்கி வைத்த பித்தளைத் தாம்பாளம் மாதிரி. அப்படி இருந்தால் அன்று இறங்குகிற பனி லேசில் போகாது என்று முட்டிமேட்டில் எல்லோருக்கும் தெரியும். பம்பு ஒன்றும் ஓடவில்லை. உடைந்த இரும்புக்கு மாற்று கீழிருந்து வர வேண்டும், ரோடு இன்னும் இளகவில்லை. கொம்பையா ஒட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார், ஒட்டுப் போட ஒட்டுப் போட அது விரிந்துகொண்டிருந்தது. அன்று காலையிலிருந்து பாப்பா வேறு பால் குடிக்கவில்லை. அழவும் இல்லை. மூச்சு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது, வெயிலின் நடுவில், உதடு லேசாக நீலம் பாய்ந்து.

பொழுது மலைக்குப் பின்னால் சாய்கிற நேரத்தில் மேஸ்திரியும் ஊர்ச்சனமும் வேன் வாசலுக்கு வந்தார்கள். முன்னால் ரங்கமணி அக்கா. அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அம்மிணி, இன்னிக்கு ஒரு பொழுதுக்குத்தான். காட்டு மேல விரிச்சமுன்னா பனி அண்டாது. என்ற பள்ளத்துக் காடுதான் மொதல்ல கருகும். அப்பறம் எல்லாத்து காடும்."

"விரிச்சா மறுபடி கெடைக்குமாக்கா?"

மேஸ்திரி சொன்னார். "அத்தன பெரிய காட்டுக்கு விரிச்சா மிச்சம் எங்கெருந்தும்மா? கரைஞ்சுதான் போகும். ஊருக்குக் கஞ்சி வேணுமில்ல?"

"பாப்பா அதுலதான கெடக்கா."

"கம்பளி தரோம், எத்தன வேணுமோ தரோம். சுத்திப் படுக்க வெய்யி," என்றார் மேஸ்திரி. கெட்ட மனுஷன் இல்லை அவர். சொல்லும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டார். "உன்னதா இருந்தா நாங்க கேட்க மாட்டோம். வாங்குனது அவங்க. தவிட்டக் கைநீட்டி வாங்குனது நீ."

பம்புக் கொட்டகையிலிருந்து கறுத்த கையோடு ஓடிவந்த என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். "ஏங்க, சொல்லுங்களேன்!"

"என்னத்தட்டி சொல்ல? கொடுத்துட்டுத் திருப்பிக் கேட்டா வெயிலும் பிள்ளையும் ரெண்டும் தங்காதுன்னு உனக்குத் தெரியாதா?" என்றார். மேஸ்திரி பக்கம் திரும்பினார். "இன்னும் கொஞ்ச நேரம் குடுங்க அண்ணாச்சி, பம்ப ஓட்டிருதேன், எப்படியாச்சும் ஓட்டிருதேன்." யாரும் அவரை நம்பவில்லை. அவரும் நம்பவில்லை.

இரண்டு பேர் உள்ளே ஏறி வெயிலின் ஓரத்தைப் பிடித்தார்கள். நான் பாப்பாவைத் தூக்கிக்கொண்டேன். தூக்கின கையில் அவள் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அந்தச் சாய்ந்த தினுசு எனக்குப் பிடிக்கவில்லை. கத்தினால் கேட்பார்களா? அழுதால்? அழுதால் கூடச் சேர்ந்து அழுவார்கள், அழுதுகொண்டே சுருட்டுவார்கள். வயிற்றுப்பாடு அப்படி. நான் ஒரு நிமிஷம் யோசித்தேன். பிறகு கேட்டேன்.

"அக்கா, வீட்டுல இன்னும் தவிடு இருக்கா?"

"மாட்டுக்கு வெச்சது இருக்குது. ஏன்?"

"ஒரு நாழி கொண்டாங்க."

கூட்டத்தில் ஒருவன் சிரித்தான். "இன்னொரு வெயில எங்கயாச்சும் ஒளிச்சு வெச்சிருக்குதோ என்னவோ!"

அக்கா ஓடிப்போய்க் கொண்டுவந்தாள். என்ன ஏது என்று தெரியாமலே கொண்டுவந்தாள். நான் படியிலிருந்து இறங்கி, இரண்டு கையாலும் பாப்பாவை அவள் முன்னால் நீட்டினேன்.

"தவிட்டுக்குக் கொடுத்தேன்."

"ஏட்டி!" என்றார் கொம்பையா.

"சும்மா இருங்க. தவிட்டுக்குக் கொடுத்தேன்."

அக்கா ஓரடி பின்னால் போனாள். "வெளையாடாத கண்ணு. எனக்கு ராசியில்ல. எங்கிட்ட எதுவும் நிக்காது." அவள் கையிலிருந்த நாழி ஆடி, தவிடு உறைந்த மண்ணில் கொட்டியது. நீட்டின பிள்ளையை வாங்க மாட்டேன் என்று ஒருத்தி சொன்னால் அந்தப் பிள்ளையின் பழி அவள் தலையில் என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். மலையின் நிழல் கிழங்குக் காட்டில் படிப்படியாக இறங்கிக்கொண்டிருந்தது.

"தவிட்டுக்குக் கொடுத்தேன்," என்று மூன்றாம் தடவை சொன்னேன். பெற்றவள் சொல்கிற சொல்லா அது? சொன்னேன். சொல்லி முடித்ததும் கை லேசாகிவிட்டது, அவள் வாங்கியிருந்தாள். மீதித் தவிட்டை என் மடியில் தட்டிவிட்டு, வாங்கினேன், வாங்கினேன், வாங்கினேன் என்று உதட்டுக்குள்ளேயே சொல்லி, பிள்ளையின் முகத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றாள்.

"அக்கா, பொழுது போகுது. வெயில எடுக்கட்டுங்களா?" என்றார் மேஸ்திரி.

ரங்கமணி அக்கா நிமிர்ந்தாள். அந்த முகத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

"யாரு வெயில யாரு எடுக்கறது? என்ற புள்ள சில்லுனு கெடக்குது, கண்ணு தெரியல உனக்கு? டேய், கைய எடுங்கடா ரெண்டு பேரும்! எறங்குங்க!"

"காடு கருகிருங்க அக்கா. உங்குளுதுதான் மொதல்ல..."

"கருகட்டும். நான் போட்ட காடுதான? நான் பெறாத புள்ளய ஒருத்தி எங்கையில குடுத்திருக்கா, அவ மொகத்துல நான் எப்படி முழிப்பேன்? நிக்கறீங்களே மரமாட்டம்! கோணிப் பை இல்லையா, கம்பளி இல்லையா, கட்டுன சீல இல்லையா? போயி மூடுங்கடா செடிய!"

வேனுக்குள் ஏறிச் சம்மணமிட்டு வெயிலின் நடுவில் உட்கார்ந்தாள். பாப்பாவின் துணியையெல்லாம் அவிழ்த்து, வெறும் உடம்போடு தன் நெஞ்சில் சாய்த்து, வெயிலின் நான்கு ஓரத்தையும் இழுத்துத் தன்னையும் பிள்ளையையும் சேர்த்துப் போர்த்திக்கொண்டாள். மேஸ்திரி தலைப்பாகையை அவிழ்த்தார், அது நல்ல நீளம். அதைத் தோளில் போட்டுக்கொண்டு பள்ளத்தைப் பார்த்து நடந்தார். அவருக்குப் பின்னால் சனம் இறங்கியது, கோணியோடு, பாயோடு, பொங்கலுக்கு எடுத்த புதுச் சேலையோடு. நானும் சன்னல் திரையை உருவிக் கொடுத்தனுப்பினேன். கொம்பையா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பம்புக் கொட்டகைக்கு ஓடினார்.

நான் படிக்குக் கீழே நின்றேன். ஏறவில்லை. கொடுத்தவள் கொடுத்த கையோடு பின்னாலேயே போய் உட்கார்ந்தால் அது கொடுத்ததாகுமா? மடியில் தவிடு, அதற்கு மேலே பால் கட்டி நெஞ்சு கல்லாக வலித்தது. புல் நுனிகள் ஒவ்வொன்றாக வெளுத்துக்கொண்டு வந்தன. வேனுக்குள் வெயில் சுருங்குவது எனக்குத் தெரிந்தது. முன்பு போல ஓரத்தில் தேயவில்லை, நடுவிலிருந்து உறிஞ்சியதுபோல, வற்றும் குளம் மாதிரி, அந்தச் சின்ன முதுகுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. சுவரை விட்டது, அடுப்பை விட்டது, அக்காவின் முழங்காலை விட்டது. பனையோலை நிழல் ஒரு தடவை பாப்பாவின் தோளில் அசைந்து, உள்ளே போய்விட்டது. பிறகு வேனில் வெளிச்சம் இல்லை. உள்ளே இரண்டு பேர் இருக்கிறார்கள் என்று மட்டும் தெரிந்தது. அதில் ஒரு மூச்சு எனக்குக் கேட்டது, இன்னொன்று கேட்கவில்லை.

பள்ளத்தில் செடிகளின் மேல் துணி உதறி விரிக்கிற சத்தம் நின்றுபோயிருந்தது. நான் கேட்டுக்கொண்டே நின்றேன்.

அப்புறம் ஒரு இருமல். அதற்கப்புறம் அழுகை, முதலில் சீறலாக, பிறகு தொண்டை திறந்து, வேன் தகரம் அதிர, கோபத்தோடு, பசியோடு. என் ரவிக்கை நனைந்து தவிட்டில் சொட்டியது. படியில் கால் வைத்தேன், எடுத்தேன், கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அழுகை நிற்கவில்லை. உள்ளே அக்கா ச்சோ ச்சோ என்று என்னென்னவோ சொல்லித் தட்டிப் பார்த்தாள், ஆட்டிப் பார்த்தாள். கடைசியில் இருட்டுக்குள்ளிருந்து அவள் தலை நீண்டது. கண்ணும் மூக்கும் ஒழுக, வெட்கப்படுகிற சின்னப் பெண் மாதிரி என்னைப் பார்த்தாள்.

"அம்மிணி, என்ற புள்ளைக்குப் பசிக்குது. சித்தெ உள்ள வந்து பாலு குடுக்கறயா?"